கிணற்றுத் தண்ணீரில் வெள்ளி

வியாழன், இஷாத் தொழுகைக்குப் பிறகு

கம்பஸ் லேபிலிருந்து கொண்டுவந்த வெள்ளிக் கரைசலை இன்று வாப்பாவுக்குக் காட்டியிருக்கவே கூடாது.

அதில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத நனோ வெள்ளித் துகள்கள். கிணற்றுத் தண்ணீரிலுள்ள கிருமிகளைக் கொல்லத்தான் இந்த ஆராய்ச்சியே. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க, செய்யும்போதே சிட்ரேட் என்ற உப்பைப் போர்த்திவிடுகிறேன். அந்தப் போர்வையின் மின்னேற்றம்தான் அவற்றைத் தள்ளித் தள்ளி வைக்கிறது. மாதக்கணக்காகப் போத்தலில் கரைசல் நல்ல மஞ்சளாகவே இருந்தது.

எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு கிளாஸில் எடுத்து அதில் கொஞ்சம் ஊற்றினேன். வாப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் மங்கிச் சாம்பலானது. பிறகு அடியில் கறுப்பாகப் படிந்தது.

“என்ன மகள், அழுக்காகிட்டே?”

“சுண்ணாம்புத் தண்ணி வாப்பா. சிட்ரேட் தாங்கல.”

“வேலை செய்யும்தானே? நாளைக்கி ஜும்மா முடிஞ்சி இதப் பாக்க நாலு பேரக் கூட்டிட்டு வாறேன்னு சொல்லிட்டேன்.”

தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு அந்த மின்னேற்றத்தைக் குலைத்ததும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. கட்டியாகிப்போன வெள்ளி எந்தக் கிருமியைக் கொல்லும்? சிட்ரேட்டுக்குப் பதிலாக நீளமான பொலிமர் ஒன்றைப் போர்த்தினால் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். திங்கட்கிழமை, ஆராய்ச்சியை மேற்பார்க்கும் மெடத்திடம் இதை எப்படி...

உம்மா தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அதன் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு. சின்ன வயதிலிருந்து நான் சுரண்டிய அதே சுண்ணாம்பு. லேபில் இத்தனை நாளும் சுண்ணாம்பே இல்லாத, காய்ச்சி வடித்த நீரில் மட்டுமே சோதித்தேன்.

யாருடைய கிணற்றில் வடித்த நீர் ஊறுகிறது?