பதினோராவது கை

1936 புரட்டாசி 9

கோட்டு தைத்து வந்துவிட்டது. சமஸ்தானத்துச் சட்டசபைக்கு வெறும் துண்டோடு போகக்கூடாதாம். என் பெண்சாதி பொன்னுத்தாய் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "சோளக்கொல்லையில நிறுத்துனா ஒரு குருவி அண்டாது" என்றாள். இவளுக்கு இந்த வாயைப் பழக்கிவிட்டதே நான்தான்.

மூணாம் வகுப்பு படித்தவனை ஊர் ஏன் மெம்பராக அனுப்பியது? யாருக்கும் பயப்பட மாட்டேன், எல்லாரையும் சிரிக்க வைப்பேன். வேறு தகுதி எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். விராலிமலைப் பக்கமிருந்து நம்ம கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் பாதி தூர்ந்து கிடக்கிறது. சமஸ்தானம் அதை வெட்டித்தர வேண்டும். சித்தப்பா மகள் மருதாயிக்குக் கடைமடையில் நிலம். "வேற ஒண்ணும் வேணாம்ணே. தண்ணி மட்டும் கொண்டாந்துருங்க."

1936 ஐப்பசி 3

சபை முழுக்க இங்கிலீஷ். பக்கத்து நாற்காலியில் ஆவூர் இருதயநாதன், பழைய வாத்தியார். அவர் கை தூக்கினால் நானும் தூக்குவேன், இறக்கினால் இறக்குவேன். இன்று அவர் காது சொறியக் கையை எடுத்தார். வேண்டுமென்றே நானும் தூக்கினேன். எங்களைப் பார்த்துப் பின்வரிசையில் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்! துண்டை வாயில் திணித்துக்கொண்டேன்.

"அம்பலக்காரரே, மானத்தை வாங்காதீரும்" என்றார் வாத்தியார். அவருக்கும் சிரிப்புத்தான்.

1936 மார்கழி 10

வாய்க்காலைப் பற்றிய என் கேள்வியை வாத்தியார்தான் எழுதிக்கொடுத்தார். பதில் வந்தது: பரிசீலனையில் இருக்கிறது.

ஊரில் சொன்னேன். "அது எங்கிட்டு இருக்குண்ணே? நடந்து போயிட்டு வந்துறலாமா?" என்றாள் மருதாயி. கூட்டமே சிரித்தது. நான் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன்.

1937 மாசி 11

வாத்தியார் வரவில்லை, மகள் அடைக்கலமேரிக்குக் கல்யாணம். ரோடு வேலைகளின் பட்டியல் ஒன்று வந்தது. எட்டுப் பத்து அயிட்டம், எல்லாம் இங்கிலீஷ். யாரைப் பார்த்துத் தூக்குவது? முன்வரிசையில் கடுக்கன் போட்ட மிராசுதார் ஒருவர் தூக்கினார். நானும் தூக்கினேன்.

பதினொன்றுக்குப் பத்து. ஜெயித்த பக்கத்தில் நான்! மிராசுதார் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார். இடைவேளையில் வடை மொறுமொறுவென்று இருந்தது, மூன்று தின்றேன்.

1937 ஆனி 2

நம்ம வாய்க்காலுக்குக் குறுக்கே கிராவல் கொட்டுகிறார்கள். இடுப்பு உயரம். அந்தக் கடுக்கன் மிராசுதார் பங்களாவுக்குக் கார் போக ரோடாம். தண்ணீர் போக ஒரு சின்னப் பாலம்கூட வைக்கவில்லை. எவன் உத்தரவு என்று ஓவர்சியரிடம் பாய்ந்தேன்.

"ஒங்க சபை பாஸ் பண்ணுனதுதானுங்க மெம்பர்" என்று காகிதத்தை நீட்டினான்.

வாங்கிக்கொண்டு ஆவூருக்கே போனேன். வாத்தியார் வாசித்தார். ஐந்தாவது அயிட்டம். "ஒரு ஓட்டுல பாஸாகியிருக்கு. நீர் அன்னைக்கு இருந்தீரே, யாருய்யா இதுக்குக் கை தூக்குனது?"

வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

1937 ஆனி 3

வீட்டில் சொல்லவில்லை.

1937 ஐப்பசி 17

நல்ல மழை. ரோட்டுக்கு அங்கிட்டுக் கடல் மாதிரி தண்ணீர், இங்கிட்டு வெடிப்பு. பாலம் கேட்டு மூன்று தடவை எழுதிவிட்டேன். பரிசீலனை, பரிசீலனை, பரிசீலனை.

மருதாயி புருஷன் வெள்ளைச்சாமி பட்டப்பகலில் மண்வெட்டியோடு போய் ரோட்டை வெட்டிவிட்டான். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வெட்டின இடத்தை மறுநாளே மூடிவிட்டார்கள்.

1937 கார்த்திகை 5

வெள்ளைச்சாமிக்கு ஆறு மாசம். கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். ஒரு மயிரும் நடக்கலை. வெளியே வந்ததும் மருதாயி சொல்கிறாள், "நீங்க இருக்கப் போயிதாண்ணே ஆறு மாசத்தோட போச்சு."

அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லையே.

1938 தை 4

ஐயனார் கோயில் பொங்கல். ஊரே கூடியிருந்தது. நெஞ்சு தாங்கவில்லை, எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "அந்த ரோட்டுக்குக் கை தூக்குனதே நான்தான். என் கையாலதான் பாஸாச்சு." கையைத் தூக்கியும் காட்டினேன்.

ஒருவன் கெக்கேபிக்கே என்று ஆரம்பித்தான், அவ்வளவுதான், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மெம்பரு கையைத் தூக்குற அழகைப் பாருங்கடா!" "நெசமாத்தான்டா சொல்றேன்" என்று கத்தினேன். இன்னும் சிரித்தார்கள். பொன்னுத்தாய்கூட, "போதும், எறக்குங்க, சுளுக்கிக்கப்போவுது" என்றாள்.

மருதாயியும் சிரித்தாள். புருஷன் உள்ளே போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

இத்தனை வருஷம் எல்லாரையும் கேலி செய்தேனே. வேணும் எனக்கு.

1938 வைகாசி 22

வெள்ளைச்சாமி விடுதலையாகி வந்தான். நிலம் தரிசு. இரண்டு பேரும் கொழும்புச் சீமைக்கு, தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். மாடுகளை விற்றாகிவிட்டது. ரயிலடி வரை போய் வழியனுப்பினேன். வெள்ளைச்சாமியைச் சிரிக்க வைத்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

1939 ஆவணி 30

மறுபடி மெம்பர். எதிர்த்து ஒருவனும் நிற்கவில்லை.

1942 ஆடி 14

ரோட்டுக்கு அடியில் குழாய் பதித்துவிட்டார்கள். ஐந்து வருஷம் எழுதியதற்கு ஒரு சாண் குழாய், அதையும் மேட்டில். தண்ணீர் ஏறிப் போக வேண்டும்.

1948 மாசி 20

சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்துவிட்டது. இனிச் சபையும் இல்லை, மெம்பரும் இல்லை. பொன்னுத்தாய் கோட்டைக் கொண்டுபோய் நிஜமாகவே சோளக்கொல்லையில் மாட்டிவிட்டாள். குருவிகள் வரத்தான் செய்கின்றன.

1948 பங்குனி 8

மருதாயி வந்தாள், தனியாக. வெள்ளைச்சாமி அங்கேயே காய்ச்சலில் போய்விட்டானாம், இரண்டு வருஷமாகிறது. பொன்னுத்தாய் மோர் கொடுத்தாள். மருதாயி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"கோயில்ல நீங்க கையைத் தூக்கிக் காட்டுனதை நான் அவருக்குச் சொல்லுவேண்ணே. படுத்த படுக்கையாக் கெடக்கையிலயும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பாரு. எனக்குத்தான் வரவரச் சிரிப்பு வரல. அது வெளையாட்டாண்ணே, நெசமா?"

நாக்கு நுனியில் ஒரு கேலி வந்து நின்றது. சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

"நெசந்தான் ஆத்தா."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் வலது கையைப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். மோர் ஒரு வாய்கூடக் குறையவில்லை.

பொன்னுத்தாய் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்று அவளும் என்னை ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.