அலைமேல் இறங்காத விமானம்

என் அன்பு அக்கா,

கடல் விமானம் ஓட்டவும் உரிமம் எடுத்துவிட்டேன். இதை உங்களிடம் சொல்லத்தான் நெடுந்தீவுக்கு வந்திருக்கிறேன். ஆனால் மகிழ்ச்சியோடு சொல்ல முடியவில்லை.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்த அந்த ஆனி மாதம் நினைவிருக்கிறதா? வயிற்றுக் குத்தில் சுருண்டு கிடந்த உங்களை அத்தானும் நானும் ஒரு கதிரையில் இருத்தி மாவிலித் துறைக்குத் தூக்கி வந்தோம். குடல்வால் வீங்கிவிட்டது, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்தால்தான் உயிர் தப்பும் என்று தீவு மருந்தகத்தில் சொல்லிவிட்டார்கள். தீவில் அதைச் செய்ய டாக்டர் இல்லை. வள்ளக்காரர் கடலைப் பார்த்துக் கையை விரித்தார்.

"தம்பி, இந்தக் காத்துக்கை வள்ளத்தை இறக்கினால் ஒருத்தரும் மிஞ்சமாட்டம். கொஞ்சம் அடங்கட்டும்."

அந்த வலியிலும் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "நீ பிளேன் ஓட்டுறனியெல்லே, என்னை ஏத்திக்கொண்டு போவன்ரா."

கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் படித்து வாங்கிய உரிமம் வீட்டு அலுமாரிக்குள் கிடந்தது. சிங்களப் பரீட்சையில் தேறாததால் எனக்கு வேலை தரவில்லை. தந்திருந்தாலும் என்ன, சக்கர விமானம் இறங்க நெடுந்தீவில் ஓடுபாதை ஏது? கடல் அடங்கியபோது நீங்கள் இல்லை.

அதன் பிறகுதான் கனடாவுக்குப் போனேன். சரக்கு விமானம் ஓட்டிப் பிழைத்தேன். மனம் முழுக்கத் தண்ணீரில் இறங்கும் விமானத்திலேயே இருந்தது. சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு மிதவைகள் பூட்டியிருப்பார்கள், அக்கா. தண்ணீரில் பிரேக் கிடையாது. எஞ்சினை இயக்கியதுமே நகரத் தொடங்கிவிடும். ஏரி கண்ணாடிபோல் கிடந்தால் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறதென்று கண்ணுக்குப் பிடிபடாது. முதல் தடவை விழுந்ததுபோலத்தான் இறங்கினேன், பல்லெல்லாம் அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் மாவிலித் துறையில் இறங்குவதாகவே நினைத்துக்கொண்டேன்.

உரிமம் கைக்கு வந்த அன்று, பயிற்சி தந்த பெண்ணிடம், இத்தனை நாளும் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்: அலை ஆள் உயரம் எழும்பினால் எப்படி இறங்குவது? என்னைவிட இளையவள். இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள்.

"இறங்க முடியாது. விமானம் கவிழ்ந்துவிடும். காற்றுத் தணியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்."

அப்படியென்றால் இத்தனை வருடமும் நான் எதற்காகப் படித்தேன், அக்கா?

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வரவேற்பாம். தேர்தலில் நிற்கும் ஒருவர் வந்து, தீவுக்குக் கடல் விமானம் விடுவதாக வாக்குக் கொடுக்கப்போகிறாராம். ஊரெல்லாம் அதே பேச்சு. டாக்டர் வேண்டும் என்று கேட்க ஒரு வாயும் இல்லை. மாலை வாங்கிவைத்திருப்பவர் அத்தான். அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப, அண்டைக்கு உன்ரை பிளேன் நிண்டிருந்தாலும்?"

"ஏலாது அத்தான். இஞ்சை ஒரு டாக்டர் இருந்திருந்தால் அக்கா இண்டைக்கு இருப்பா."

அவர் எழுந்து வெளியே போனார். சாப்பிடவும் வரவில்லை. இனி ஒருவரும் உங்களைப்போல் சாகமாட்டார்கள் என்று அவரிடம் மிஞ்சியிருந்த ஆறுதலையும் நான் பறித்துவிட்டேனோ?

ஆனாலும் நாளை மேடையில் இதையேதான் சொல்லப்போகிறேன். தேர்தலில் நிற்பவர் முகம் கறுக்கட்டும், ஊர் என்னை ஏசட்டும். உங்களைச் சாகவிட்ட இந்தத் தீவில், என்னைக் காட்டி ஒருவரும் வாக்குக் கேட்க விடமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்களுக்குப் பின் பிறந்த ஒரே தம்பி,
இராசன்