சகனில் இருந்த நாலாவது கை

முத்துப்பேட்டை
புதன்கிழமை

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் பிள்ளை ஃபஹ்மிதாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உங்கள் கால்வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை, தேய்த்ததாகச் சொல்கிறீர்களா?

கடிதத்தைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். கல்யாணமான புதிதில் எழுதியதோடு சரி. கீழத்தெரு லியாகத் அலி அண்ணன் வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து அங்கே வர விமானம் ஏறுகிறார். காய்ந்த இறால் பொட்டலத்துக்குள் இதை வைத்துத் தைத்திருக்கிறேன். போனில் எழுதினால் ஃபஹ்மிதா படித்துவிடுவாள். என் போனின் பூட்டைத் திறக்க அவளுக்குத் தெரியும். உங்களுக்கு நான் அனுப்புவதை எல்லாம் தட்டித் தருவதே அவள்தானே. பேசலாம் என்றால் வீட்டில் சுவருக்குச் சுவர் காது.

ஷமீரா பள்ளிக்கூடம் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. பக்கத்து வீட்டு ஜஸீலாவின் மகளேதான், நம் பிள்ளையோடு பிளஸ் டூ படிக்கிறவள். அவளை யாரோ பொய்ப் பேரில் கணக்குத் திறந்து இன்ஸ்டாகிராமில் அவள் படத்தைப் போட்டுக் கேவலப்படுத்திவிட்டார்கள். அதற்குக் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருநூறு பேருக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். படிக்கவே வாய் கூசுகிறது. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஜஸீலா, "படிச்சது போதும், பேசாம ஒரு மாப்பிள்ளையப் பாத்துர்றேன்" என்கிறாள். அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்துக் கிடக்கிறது.

நான் முதலில் சந்தேகப்பட்டது தஞ்சாவூரிலிருந்து வந்த வித்யாலக்ஷ்மியை. மனோதத்துவம் படிக்கிறாளாம். பிள்ளைகள் போனில் ஒருவரை ஒருவர் எப்படி வைகிறார்கள், ஏன் வைகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். போன மாதம் பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னாள். பெற்றோர் சம்மதம் என்று ஒரு சீட்டு வந்தது, நானும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். 'வேறு பெயரில் யாரையாவது கேலி செய்திருக்கிறாயா' என்று கேட்டால், செய்யாத பிள்ளைக்கும் செய்யத் தோன்றாதா? ஜஸீலாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பிடி பிடித்தேன். வித்யாலக்ஷ்மி கோபப்படவில்லை. "பேரு எழுதாத தாளுங்க அது. யாரு எதுக்கு டிக் அடிச்சாங்கன்னு எனக்கே தெரியாது" என்றாள். எழுந்து வரும்போது என்னிடம் மட்டும், "நான் பேசின பிள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு, செஞ்சது கூடவே இருந்தவங்கதாங்க" என்றாள். எனக்கு அப்போது அது எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம்தான் ஜஸீலா அந்தப் படத்தைக் காட்டினாள். மச்சான், அது நான் எடுத்த படம்.

உங்கள் தங்கை மகள் நிக்காஹ்வுக்கு உங்களால் வர முடியவில்லையே என்று எடுத்தது. பெண்கள் பக்கம் போன் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்தார்கள். நான் மட்டும் புர்காவுக்குள் ஒளித்துக் கொண்டுபோனேன். ஒரே சகன் தட்டைச் சுற்றி ஜஸீலா, ஷமீரா, ஃபஹ்மிதா, நான் என்று நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தோம். வலது கை சோற்றில் இருக்க, இடது கையால் யாருக்கும் தெரியாமல் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். மற்றவர்களை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள். ஷமீரா மட்டும், முக்காடு நழுவி, வாய் நிறையச் சோறு. ஓரத்தில் என் விரல் ஒன்று தெரிகிறது. அதில் நீங்கள் வாங்கித் தந்த பச்சைக்கல் மோதிரம். ஜஸீலா அதைக் கவனிக்கவில்லை. கவனித்துவிட்டுத்தான் கவனிக்காத மாதிரி இருக்கிறாளோ என்றும் எனக்கு ஓடுகிறது.

பிறகு போன் ரிப்பேர் கடை சிங்காரவேலுவிடம் போய்க் கத்தினேன். திரை மாற்றக் கொடுத்தபோது எடுத்திருப்பார் என்று. பாவம், மனிதர் ரசீதை எடுத்துக் காட்டினார். "கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே போன் உங்க கைக்கு வந்துருச்சேம்மா. எடுக்காத படத்த நான் எப்படிம்மா திருடுவேன்?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

அடுத்து உங்களைச் சந்தேகப்பட்டேன். ஆமாம், உங்களைத்தான். ஒரே அறையில் ஆறு ஆண்பிள்ளைகள் இருக்கிறீர்கள். யாரிடமாவது காட்டினீர்களா, யாருக்காவது அனுப்பினீர்களா? மூன்று நாள் நான் போன் எடுக்காததற்கு சார்ஜ் இல்லை என்று சொன்னது பொய். கோபத்தில் இருந்தேன்.

மீன் வாங்கினால் தராசைத் தூக்கிப் பார்க்கிறவள் நான். சந்தேகப் பிராணி என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், என் வீட்டுக்குள் மட்டும் பார்க்கவில்லை.

படத்துக்கு மேலே எழுதியிருந்தது இதுதான்: 'கலெக்டரம்மா சகனை ஆய்வு செய்கிறார்.'

கலெக்டரம்மா என்பது என் வாயிலிருந்து வந்த வார்த்தை. ஷமீராவை நான் அவள் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நம் வீட்டில், மார்க் வரும் ஒவ்வொரு தடவையும், ஃபஹ்மிதாவின் காதில் விழவேண்டும் என்றே சொல்வேன். "கலெக்டரம்மா தொண்ணூத்தாறு, நீ எத்தன?" என்று. நான்கு வருடமாகச் சொல்கிறேன். அவள் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

அவள் இப்போது தினமும் ஷமீராவுக்குச் சோறு கொண்டுபோகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறாள். ஜஸீலா என் கையைப் பிடித்து, "ஒன் மவளுக்குத்தான் அனீஸா அஞ்சு வேளையும் துஆ செய்றேன்" என்றாள். ஊட்டுவது பாசமா, பயமா, யார் என்ன பேசுகிறார்கள் என்று உளவு பார்க்கவா? பெற்ற பிள்ளையை இப்படி நோட்டம் விடுகிறேனே என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

நேற்று அவள் குளிக்கப் போனபோது அவளுடைய போன் உறையைக் கழற்றிப் பார்த்தேன். திருட்டுத்தனம்தான். உள்ளே நாலாக மடித்த ஒரு துண்டுத்தாள் இருந்தது. ஆராய்ச்சிக்காரி ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்ததாம்: 'மனம் விட்டுப் பேச வேண்டுமானால் கூப்பிடு' என்று எழுதி அவளுடைய நம்பர். மடிப்பெல்லாம் கிழிகிற மாதிரி இருக்கிறது. எத்தனை தடவை பிரித்துப் பார்த்தாளோ. கூப்பிட்டாளா என்று தெரியவில்லை. இருந்த மாதிரியே திரும்ப வைத்துவிட்டேன்.

இறாலை வெயிலில் ஒருமுறை காயவைத்துக்கொள்ளுங்கள், இங்கே ஒரு வாரமாக ஈரக்காற்று.

இந்தப் பொட்டலம் கைக்கு வந்ததும் என்னைக் கூப்பிடுங்கள். அவளிடம் எதையும் கேட்காதீர்கள். என்னிடம் ஒரே வார்த்தை சொல்லுங்கள்: அந்தப் படத்தை யாருக்காவது அனுப்பினீர்களா? கலெக்டரம்மா கதையை உங்களிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவில்லை. நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்றால் ஒரு மணிநேரம் திட்டிவிட்டு அன்றைக்கே மன்னித்துவிடுவேன்.

இல்லை என்றால், ஃபஹ்மிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜஸீலாவின் வாசலுக்குப் போகவேண்டும். பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்னால், இந்த மோதிரத்தைக் காட்டி நான் பேச ஆரம்பிக்க வேண்டும்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். நம் பிள்ளைக்கும் ஜஸீலாவின் பிள்ளைக்கும் சேர்த்தே துஆ செய்யுங்கள். எனக்காகப் பொய் மட்டும் சொல்லிவிடாதீர்கள், மச்சான். நீங்கள் சொன்னால் நம்பிவிடுவேன்.

உங்கள்
அனீஸா