இல்லாத கட்டி

விவேக் நகர், பெங்களூரு.
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஆம்ப்ரோஸுக்கு,

லவினா எழுதுவது. பிள்ளைகள் மூவரும் சுகம், உங்கள் அம்மாவும் சுகம். மேலே ‘அன்புள்ள’ என்று போட்டது கைப்பழக்கம். இந்த வாரம் அதில் வேறு அர்த்தம் தேட வேண்டாம். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், “சிக்னல் இல்ல” என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. உங்களோடு அங்கே வேலை செய்யும் நோயல் லீவு முடிந்து நாளை மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

என் வயிற்றில் கட்டி என்று உங்கள் அம்மாவிடம் சொன்னது நீங்கள்தானே? மறுக்காதீர்கள். “என் புள்ள அழுதுகிட்டே சொன்னாம்மா” என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். எதற்கு அழுதீர்கள்? ஆஷ்லியையும் அவளுக்குப் பின் இரட்டைப் பையன்களையும் சுமந்து தொங்கிப்போன தோலை வெட்டி எடுத்து, விலகிப்போன தசையைச் சேர்த்துத் தைக்கப்போகிறார்கள். அழகுக்காகச் செய்துகொள்கிற ஆபரேஷன். டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார்கள், நானும் உங்களிடம் அப்படியேதான் சொன்னேன். “உன் உடம்பு, உன் சம்பாத்தியம், செஞ்சிக்க” என்றீர்கள். அதற்குப் பிறகு கட்டி எங்கிருந்து முளைத்தது?

அது என்னென்ன செய்தது என்று கேளுங்கள். போன வாரம் வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு உங்கள் அம்மா விண்ணப்பம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். “வயிற்றுக் கட்டிக்காக ஆபரேஷனுக்குப் போகும் மருமகள் லவினாவுக்காக” என்று குழந்தை இயேசு கோவிலில் மைக்கில் வாசித்தார்கள். கோவில் முழுக்க “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. நானும் சேர்ந்து சொன்னேன், வேறு என்ன செய்ய? என் பக்கத்தில் ஆஷ்லி நின்றிருந்தாள். என் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நம் தெரு ஜெபக்குழுவை நடத்தும் சிந்தியா அக்கா அந்த அன்பியத்துப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், ஹார்லிக்ஸும் ரொட்டியுமாக. என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றின் மேல் கைவைத்து ஜெபித்தார்கள். சிந்தியா அக்கா கண்ணை மூடிக்கொண்டு, “கட்டி கையில தட்டுப்படுது, ஆண்டவர் கரைச்சிடுவார்” என்றார்கள். அது கட்டியில்லை ஆம்ப்ரோஸ், என் வயிறு! எழுந்து உட்கார்ந்து கத்தியிருப்பேன். கத்தினால் பொய்க்காரர் என்று ஊர் சிரிப்பது உங்களைப் பார்த்துத்தான். உங்கள் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். அவ்வளவு ஆத்திரத்தை நான் ஒருநாளும் விழுங்கியதில்லை.

இந்த வயிறு உங்களுக்கு எப்போதும் வெட்கம்தான், எனக்குத் தெரியும். போன லீவில் உங்கள் தங்கை கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது, “ஆஷ்லிய முன்னாடி நிக்க வை” என்றீர்களே, அவளை எதற்கு முன்னால் நிறுத்தினீர்கள் என்று புரியாத மக்கா நான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நீங்கள் மகளுக்குப் பின்னால் மறைத்தீர்கள். வயிறு இருந்தால் வெட்கம், அதைச் சரிசெய்தால் அதுவும் வெட்கம். என்னதான் செய்யட்டும் நான்? சிவாஜிநகர் பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பிள்ளைத்தாச்சி என்று நினைத்து, “பஸுரி இத்தாரெ, சீட் கொடி” என்று கன்னடத்தில் கத்தி யாரையாவது எழுப்பிவிடுகிறார். நானும் உட்கார்ந்துவிடுகிறேன். எனக்காக எழுந்த வயதான அம்மா நின்றுகொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே நான் வேலை பார்க்கும் கடைவரை போகிறேன். “இந்த வயசுல யாரு பாக்கப்போறாங்க” என்று கேட்டீர்கள். நான் பார்க்கிறேன், தினமும்.

வீட்டு ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதாம், தண்ணீர் கேன் மட்டுமல்ல, நிறைந்த குக்கர்கூட. அரிசி, மாவு, பாத்திரம் எல்லாவற்றையும் குனியாமல் எடுக்கும் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். முதலில் கொஞ்ச நாள் முழங்காலை மடக்கிச் சாய்ந்துதான் தூங்க வேண்டும், நடந்தால் கூன் போட்டுத்தான் நடக்க வேண்டும். கீழ்வீட்டு டோரீன் சாய்வு நாற்காலியைத் தந்திருக்கிறாள். அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். “நல்லா செஞ்சிக்கோ, முடிஞ்சதும் எனக்கும் அந்த டாக்டர் நம்பர் குடு” என்று சிரித்தாள். உங்கள் அம்மா இப்போதே எனக்குச் சூப்பு வைத்துத் தருகிறார்கள். கட்டிக்காரி என்றுதான் இந்தத் தாங்கல். உண்மை தெரிந்தபின் சூப்பு வருமா தெரியாது. வராவிட்டால் பரவாயில்லை, அவர்களிடம் நானே சொல்லிக்கொள்வேன். ஹார்லிக்ஸைச் சிந்தியா அக்காவிடம் நானே திருப்பிக் கொடுப்பேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் என்னால் முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

திங்கட்கிழமையிலிருந்து ஆஷ்லி காலையில் கண்ணாடி முன்னால் நின்று தானே இரட்டை ஜடை பின்னிக்கொள்கிறாள். வகிடு கோணலாக இருக்கிறது, ஒரு ஜடை மேலே ஒன்று கீழே. நான் சீப்பை வாங்கப் போனால் தரமாட்டேன் என்கிறாள். ஏனடி என்றால், “பழகிக்கறேன்” என்கிறாள். தம்பிகளுக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். பக்கத்தில் உட்காரவைத்து, கட்டியும் இல்லை ஒன்றும் இல்லை, இது அம்மாவே ஆசைப்பட்டுச் செய்துகொள்வது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, “நான் பயப்படக் கூடாதுன்னு சும்மா சொல்றம்மா. அப்பா அழுதாங்களாம். அப்பா பொய் சொல்ல மாட்டாங்க” என்றாள்.

இப்போது நான்தான் பொய்க்காரி, பார்த்தீர்களா?

ஆபரேஷன் அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை. அந்தத் தேதியை யாருக்காகவும் மாற்றமாட்டேன் என்று நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கோணல் ஜடையோடு அவள் வாசலில் நிற்க, மயக்க ஊசிக்கு என்னால் கையை நீட்ட முடியாது. நீங்கள் வர வேண்டாம், பணம் அனுப்ப வேண்டாம், என்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டாம். சொன்னது பொய் என்று அவளிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அவள் நம்புவது உங்களைத்தான்.

குழந்தை இயேசு உங்களுக்கு நல்ல சுகமும், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் தைரியமும் தரட்டும். பள்ளி விட்டு நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். போனை நான் எடுக்கமாட்டேன், அவள்தான் எடுப்பாள். அவளிடமும் சிக்னல் இல்லை என்று வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தாய்,
லவினா