ஆழத்துப் பக்கம்

என் வீட்டுக்கார நீச்சல் மாஸ்டருக்கு,

சாப்பாடு மேஜை மேல மூடியிருக்கு. வெளிய போனா சாவியை எதிர்வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

நான் நீச்சல்குளத்துக்குப் போறேன். "உனக்கு நீச்சல் வராது"ன்னு போன மாசம் நீங்க கையை விரிச்ச பிறகும் போய்க்கிட்டுதான் இருக்கேன். அந்த எதிர்வீட்டு அக்காவோட பொண்ணுங்க தண்ணிக்குள்ள வளையலைப் போட்டு எடுக்கிற விளையாட்டுல என்னையும் சேர்த்துக்கிட்டாங்க. நேத்து என் வளையல் ஆழத்துப் பக்கம் நழுவிடுச்சு. விளையாட்டு மும்முரத்துல பின்னாடியே போய் எடுத்துட்டேன். கரையேறின பிறகுதான் நான் நீந்தியிருக்கேன்னே உறைச்சுது. நீங்க சொல்லிக்கொடுத்தது எதுவும் அப்போ ஞாபகம் வரலை.

கோபத்துல எழுதலை. தெரிஞ்சுக்கட்டுமேன்னுதான்.

பி.கு.: நாளைக்கு நீங்களும் வாங்க. கத்துக்கொடுக்க இல்லை, விளையாட. விசிலை வீட்டுலயே வெச்சுடுங்க.