முகுந்தன் சாரின் ரெண்டு நிமிஷம்

2012 மே 14, திங்கள்

கத்திரி வெயில். காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

முகாமுக்கு முதல் நாள் என்று நேற்று தலைக்கு டை அடித்தது தப்பு. பிள்ளைகள் முன்னால் கொஞ்சம் இளமையாகத் தெரியலாம் என்று ஓர் ஆசை. பெஞ்சு தூக்கிப் போட்டதில் வியர்த்து ஊற்றி, கறுப்புச் சாயம் காதோரமாக இறங்கி, வெள்ளைச் சட்டைக் காலரில் ஆறாக ஓடியது. வாலாஜாபாத் யாஸ்மின் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள். ஏழு வயசு, தலையில் ஒரு முடி கிடையாது.

“அங்கிள், உன் தலை உருகுது.”

“அது டை, கண்ணு.”

“எனுக்கு சும்மா கொட்டிச்சு. உனுக்கு தண்ணியா ஊத்துது. இன்னா மருந்து குடுத்தாங்கோ?”

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். முக்கால்வாசி மொட்டை. கறுப்புத் தலையோடு நான் ஒருவன்தான் அசிங்கமாக நின்றேன்.

இடம் பிள்ளைப்பாக்கம் பக்கம், லீவு விட்ட பள்ளிக்கூடம். அஞ்சு நாள் முகாம். எல்லாம் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற பிள்ளைகள். பாட்டு, படம் வரைவது, பொம்மலாட்டம், நடுவில் மாத்திரை. நடத்துவது நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர். ஊசி போடும்போது மட்டும் குரல் தாழும். மற்ற நேரம் மைக் தேவையில்லை.

எனக்கு கேட் டூட்டி. செருப்பு வெளியே. சோப்பு போட்டுக் கை கழுவணும். மாஸ்க். சளி, காய்ச்சல் என்றால் யாரையும் உள்ளே விடக்கூடாது. பிள்ளைகளுக்கு ரத்தத்தில் கவுண்ட், அதாவது வெள்ளை அணு, குறைவு. நமக்குத் தும்மல், அவர்களுக்கு ஆஸ்பத்திரி. “கலெக்டரே வந்தாலும் வெளியதான்” என்றார் சிஸ்டர்.

போன வருஷம் என் பெண் பவி இந்த முகாமுக்கு வந்தாள். அடுத்த வருஷமும் வர்றேன் என்று சிஸ்டரிடம் சொல்லி வைத்திருந்தாள். ஜூலையில் போய்விட்டாள். அவள் கொடுத்த வார்த்தை, அதனால் நான் வந்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கிற கார் கம்பெனியில் லீவு உடனே கிடைத்தது. காரணம் ‘குலதெய்வம்’ என்று எழுதினேன். குழந்தை என்று எழுதினால் யோசிப்பார்கள். அனுபவம்.

மே 15, செவ்வாய்

புழுக்கம். ரச வாளி தூக்கிக்கொண்டு போகும்போது சிஸ்டர் சொன்னார்: கடைசி நாள், வெள்ளிக்கிழமை, பிள்ளைகளுக்குப் பை கொடுக்க ஒரு கம்பெனியிலிருந்து பெரிய ஆள் வருகிறார். எந்தக் கம்பெனி? எங்கள் கம்பெனி. யார்? முகுந்தன் சார், எச்.ஆர்.

பாதி ரசம் என் காலில்.

அந்த ஜூலையில் என் மனைவி சாந்தி ஆஸ்பத்திரியிலிருந்து செக்யூரிட்டி கேபினுக்குப் போன் பண்ணினாள். உடனே வரச் சொல்லுங்க என்று. ஷிஃப்ட் நடுவில் வெளியே போக கேட் பாஸ் வேண்டும், அதில் மு. சார் கையெழுத்து வேண்டும். மேஜை முன்னால் நின்றேன். தலை நிமிராமல் இரண்டு விரலைக் காட்டினார். ரெண்டு நிமிஷம். அப்புறம் ஒரு போன். திரும்ப இரண்டு விரல். அப்புறம் மீட்டிங். பெண்ணுக்கு ரொம்ப முடியலை சார் என்றேன். “ஆள் இல்லாம லைன் எப்படி ஓடும்?” என்றார், பேப்பரைப் பார்த்தே. சங்கு ஊதின பிறகு கையெழுத்துப் போட்டார். ஷிஃப்ட் முடிந்துவிட்டால் பாஸே தேவையில்லை. அதையும் வாங்கிக்கொண்டு “தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டு வந்த மகாராஜன் நான்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது பவியின் கொலுசு சாந்தியின் மடியில் இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு யோசித்தவை:

மோரில் பச்சைமிளகாய் விழுது, இரண்டு கரண்டி.

அவர் வாசலில் கழற்றி வைக்கிற செருப்பைப் பக்கத்து ஏரியில் வீசுவது.

மேடையில் கால் ஆடுகிற நாற்காலியை அவருக்குப் போடுவது. (நேற்றுதான் நானே ரிப்பேர் பண்ணித் தொலைத்தேன். திரும்பக் கெடுக்கணும்.)

எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்பது.

கடைசியை நினைத்தாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. நாற்காலிதான் என் தகுதிக்கு.

வீட்டில் சாந்தி: “இன்னாங்க, தனியா சிரிச்சிகினு கீறீங்கோ?” எல்லாம் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

“ரெண்டு கரண்டி பத்தாது” என்றாள்.

மே 16, புதன்

கொஞ்சம் மேகம், மழை இல்லை. மாத்திரை நேரத்தில் ஒரே அழுகை. சமாளிக்க ‘கம்பெனி விளையாட்டு’ ஆரம்பித்தேன். பெரியவர்கள் எங்கே போனாலும் பிள்ளைகளிடம் கேட் பாஸ் வாங்கணும். ஆபீசர் எப்படி உட்காருவார் என்று மு. சார் மாதிரி செய்து காட்டினேன். தலை குனிந்து, காதில் போன், இரண்டு விரல் மேலே. ஏகப்பட்ட சிரிப்பு. ஒன்ஸ்மோர் கேட்டார்கள்.

ஆபீசர் வேலை யாஸ்மினுக்கு. பிறவி ஆபீசர். சமையல்கார அம்மா பாத்ரூம் போக முடியாமல் தவித்தார். சிஸ்டர் ஊசியோடு வந்தார். இரண்டு விரல்.

“ரெண்டு நிமிசம் சிஸ்டர். மீட்டிங்குல கீறேன்.”

சிஸ்டர் நிஜமாகவே நின்றார். அப்புறம் ஊசி போட்டார். யாஸ்மின் அழவில்லை, ஆபீசர் அழக்கூடாதாம்.

பிறகு என்னிடம் வந்து, “அந்த ஆபீசரு நெஜமா கீறாரா?”

“கீறாரு.”

“கெட்டவரா?”

“தலை நிமிராதவரு” என்றேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும்.

மே 17, வியாழன்

அனல். யாஸ்மினுக்குக் கவுண்ட் இறங்கியிருக்கிறது. தனி அறை. ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. கேட்டில் இன்று சோப்பு இரண்டு கட்டி தீர்ந்தது. ஒரு அப்பாவின் கையை மூன்று தரம் கழுவ வைத்தேன். “தோலு உரிஞ்சிரும் சார்” என்றார். சரி, கொஞ்சம் அதிகம்தான்.

வேறு: ஷூ லேஸ் வாங்கணும். டை பாக்கெட்டைக் குப்பையில் போட்டேன்.

மே 18, வெள்ளி

காலையில் முதல் வேலையாக நாற்காலி ஆணியைக் கழற்றினேன். ஏதாவது பிள்ளை உட்கார்ந்துவிட்டால்? திரும்ப அடித்தேன். மிளகாய் விழுதையும் வீட்டிலேயே மறந்துவிட்டேன். என் பழிவாங்கல் இந்த லட்சணம்.

பதினோரு மணிக்கு வெள்ளைக் கார். முகுந்தன் சார், போட்டோகிராபர், சுருட்டின பேனர். இறங்கும்போதே கர்சீப்பை மூக்கில் வைத்து ஒரு தும்மல். இன்னொன்று. மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட் தாழ்ப்பாளைப் போட்டேன்.

“சளியா சார்?”

“ஏசிப்பா, ஒண்ணுமில்ல. கேட்டைத் திற.”

“சளி இருந்தா உள்ள விடக்கூடாது சார்.”

“நான் யாருன்னு தெரியுமா?”

“நல்லாத் தெரியும் சார்.”

“சிஸ்டரைக் கூப்பிடு.”

இரண்டு விரலைக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. “ரெண்டு நிமிஷம் சார்.”

உள்ளே போனேன். ஒரு டம்ளர் மோர் குடித்தேன். இன்னொரு டம்ளர். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். மற்ற டம்ளர்களையும் கழுவினேன். வெளியே அவர் நிழலைத் தேடி கேட் தூணோடு ஒட்டி நிற்பது தெரிந்தது. தூணுக்கு அந்த நேரத்தில் நிழல் கிடையாது. அப்புறம்தான் சிஸ்டரிடம் சொன்னேன்.

சிஸ்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. பைகளை கேட்டிலேயே வாங்கிக்கொண்டார். திரும்பும்போது என்னிடம் மெதுவாக, “இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?”

“மீட்டிங் சிஸ்டர்.”

அதற்குள் ஜன்னல்களில் பிள்ளைகள். தனி அறை ஜன்னலில் யாஸ்மின். யார் ஆரம்பித்தார்களோ, எல்லாக் கையிலும் இரண்டு விரல். மு. சார் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் இரண்டு விரலை உயரத் தூக்கி, “விக்டரி! விக்டரி!” என்றார். போட்டோ எடுத்தார்கள். கம்பெனி நோட்டீஸ் போர்டில் வரும். தினம் பார்க்கலாம். மாஸ்க்குக்குள் சிரித்ததில் கண்ணில் தண்ணீர். சிரிப்பு நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

காரில் ஏறப் போனவர், நான் வாசலில் கழற்றி வைத்திருந்த ஷூவைப் பார்த்தார்.

“நம்ம கம்பெனி ஷூ மாதிரி இருக்கே. எந்த லைன்?”

“சீட் லைன் சார்.”

என் மாஸ்க்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மாஸ்க் இல்லாவிட்டாலும் வந்திருக்காது.

“லீவ் போட்டு சர்வீஸா? வெரிகுட். பசங்க இருக்காங்களா?”

“ஒரு பொண்ணு சார்.”

“என்ன படிக்கிறா?”

“அஞ்சாவது.” இருந்திருந்தால் இந்த ஜூனில் அஞ்சாவதுதான்.

“நல்லா படிக்க வை” என்றார். கார் போய்விட்டது.

ஏன் சொல்லவில்லை என்று சாந்தி கேட்பாள். வேலைக்குப் பயம் கொஞ்சம் உண்டு, அதை மறைப்பானேன். ஆனால் அதற்காக இல்லை. சொல்லியிருந்தால் “ஐயோ, சாரிப்பா” என்று என் தோளைத் தட்டி, பாரத்தை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு, லேசாக வீட்டுக்குப் போயிருப்பார். அந்தப் பாஸில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவர் எத்தனை வருஷம் என் முன்னால் நின்றாலும்.

அவரிடம் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது இதுதான். அன்றைக்கு நினைவு தப்புவதற்கு முன்னால் பவி சாந்தியிடம் கேட்டது: “அப்பாவுக்கு பாஸ் குடுத்துட்டாங்களாம்மா?”