இன்னும் ஒண்ணு

கார்த்திகை பன்னிரண்டு. கோமுகி அணை நிரம்பி, கரும்பு வெட்டு தள்ளிப்போன வருஷம். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லச் செல்போன் எழுதிக்கொள்கிறது.

மகள் வயிற்றுப் பேத்தி மஞ்சுளாவுக்கு அடுத்த மாதம் போலீஸ் உடல்தகுதித் தேர்வு. கள்ளக்குறிச்சி ஜிம்முக்கு இன்று நானும் போனேன். தரையில் கிடக்கும் மணல் மூட்டையைத் தனியாகத் தூக்கித் தோளில் போட்டு, கீழே தள்ளி, மறுபடி தூக்க வேண்டும். மாஸ்டர் நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூட்டை தூக்கியே பிழைத்தவன் நான். எங்கள் சுமைக்காரர் செட்டில் யாரும் தரையிலிருந்து தனியாக எடுக்க மாட்டோம். இரண்டு பேர் ஏற்றிவிட, ஒருவன் சுமப்பான். அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது தடவையோடு மஞ்சுளா நின்றுவிட்டாள். "முதுகு புடிச்சிக்கினு இருக்குது மாஸ்டர்."

"வலிச்சாதாம்மா உடம்பு ஏறும். இன்னும் ஒண்ணு!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "இன்னா தாத்தா, வுட்டுடட்டா?"

"மூட்டக்காரன் பேத்திடி நீ! தூக்கு!" என்றேன்.

தூக்கினாள். அப்படியே முட்டி போட்டு விழுந்தாள். ஆறு மாதம் குனியவே கூடாது என்கிறார் டாக்டர். மாஸ்டரோ, "அது குனிஞ்ச விதமே தப்புங்க" என்று பழியை அவள்மேலேயே போட்டுவிட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

சங்கராபுரம் நெல் மண்டியில் அந்தக் காலத்தில் ஒருத்தனை இப்படித்தான் உசுப்பினேன். "ஆம்பளையா இருந்தா தனியா எடுடா பாக்கலாம்." எடுத்தான். அதற்குப் பிறகுதான் இரண்டு பேர் ஏற்றிவிடும் வழக்கமே வந்தது. செட்டில் ஆறு பேர். நான்கு பேர் செத்துவிட்டார்கள். என்னைத் தவிர மிச்சம் இருப்பது, அன்று முதுகு போன ஏழுமலை ஒருவன்தான்.